மாக்கோழியும் வெண்திரையும்





சென்ற விடுமுறை நாளொன்றில் எம் இல்லத்தில் மூன்று தலைமுறையினரும் ஒருங்கே அமர்ந்து 'லியோ' என்னும் திரைப்படத்தைக் கண்ணுற்றோம். 2023-ஆம் ஆண்டு அக்டோபர் திங்களில் திரையரங்குகளில் வெளிவந்து, பின்னர் நெட்ஃப்ளிக்ஸ் தளத்தின் வாயிலாக இல்லந்தோறும் புகுந்த படம் அது. கதிரவன் மறையுமுன் உணவை முடித்து, மாலை வழிபாடும் செய்துவிட்டே அமர்ந்தோம். காபிக் கடையில் புகுந்த கொடியவர்களைக் கதைத்தலைவன் சுட்டு வீழ்த்தும் காட்சி வந்தபோது பிள்ளைகள் கைதட்டி ஆர்ப்பரித்தனர். 'சமணக் குடியில் பிறந்தவர்கள் கொலையைக் கண்டு கைதட்டலாமா?' என்று யாம் கடிந்தோம். பத்து அகவை நிரம்பாத பேரன் திரும்பிப் பார்த்து, "தாத்தா, யாரும் நிஜமாகச் சாகவில்லையே! நடிப்புதானே?" என்றான். அத்துடன் நில்லாமல், "நீங்களும் தொடையில் தட்டினீர்கள், நான் பார்த்தேன்" என்றான்.

பிள்ளை கூறியது பொய்யன்று. எம் கை எம்மை அறியாமலே எழுந்து தாழ்ந்திருந்தது. அன்றிரவு உறக்கம் கெட்டது என்று மிகைப்படுத்திக் கூற யாம் விரும்பவில்லை, வழக்கம்போல் உறங்கினோம். ஆயினும் மறுநாட்காலை ஜினாலயத்தில் கைகூப்பி நின்றபோது அவ்வினா எம்முடன் வந்து நின்றது. நிகழாத கொலையைக் கண்டு களிப்பதில் வினை உண்டா, இல்லையா? உண்டெனில் எத்துணை? இல்லையெனில் பிள்ளைகளைக் கடிவது எதன் பொருட்டு? அண்மைக் காலத்தில் யாம் கண்ட சில படங்களையும் தொடர்களையும் முன்வைத்து, இவ்வினாவை அன்பர்களுடன் சேர்ந்து ஆராய முற்படுகிறோம்.

'யாரும் சாகவில்லை' என்னும் வாதம்

முதலில் பேரனின் வாதத்திற்கு உரிய மதிப்பை அளித்தல் வேண்டும். படச்சுருள் வழங்கிய காலத்தில் இவ்வாதம் முற்றும் பொருந்தியிருக்காது. ஒளியைப் பதிக்கும் வெள்ளி உப்பினைச் சுருளின்மீது பிடித்து வைக்கும் பசையாக அன்று ஜெலட்டின் பயன்பட்டது. அது கால்நடைகளின் எலும்பிலிருந்தும் தோலிலிருந்தும் எடுக்கப்படும் பொருள். ஆகவே, பக்திப் படமே ஆயினும் அச்சுருளின் ஒவ்வோர் அடியிலும் ஓர் உயிரின் சுவடு இருந்தது. இன்று பெரும்பாலான படங்கள் சுருளின்றி டிஜிட்டல் முறையில் எடுக்கப்படுகின்றன. விலங்குகளை நடிக்க வைப்பதற்கும் 2001-ஆம் ஆண்டு முதல் விதிகள் உள்ளன. 'லியோ'வில் ஊருக்குள் புகும் கழுதைப்புலி கணினியில் உருவானது. சிந்தும் குருதி சாயம். வீழ்வோர் எழுந்து ஒப்பனையைக் கலைத்து இல்லம் ஏகுவோர். முந்தைய தலைமுறையினரை விட எம் பேரனுக்கே இவ்வாதத்தைக் கூறும் உரிமை மிகுதி.

எனினும் இவ்வாதம் நமக்குப் புதிதன்று. உஞ்சயினி வேந்தன் ஒருவன் இதனை நெடுங்காலத்துக்கு முன்பே கூறிப் பார்த்திருக்கிறான்.

மாவினால் ஆன கோழி

ஐஞ்சிறுகாப்பியங்களுள் ஒன்றாகிய யசோதர காவியத்தை நம் முதியோர் இல்லங்களில் கதையாகவேனும் கூறக் கேட்டிருப்பீர்கள். வடமொழியில் சோமதேவர் 959-ஆம் ஆண்டிலும், கன்னடத்தில் ஜன்னர் 1209-ஆம் ஆண்டிலும் பாடிய கதையும் இதுவே. யசோதரன் தீக்கனாக் கண்டதாகக் கூற, அதன் தீங்கு நீங்கச் சண்டமாரிக்கு உயிர்ப்பலி இடுமாறு தாய் சந்திரமதி வற்புறுத்துகிறாள். மன்னனோ உயிரைக் கொல்ல ஒருப்படவில்லை. தாயின் சொல்லையும் தட்டவியலவில்லை. இறுதியில் இருவரும் ஓர் இடைவழி காண்கின்றனர். மாவினால் கோழி ஒன்றைச் செய்து, வண்ணம் தீட்டி, அதனை வாளால் வெட்டிப் படைக்கின்றனர்.

எவ்வுயிரும் சாகவில்லை. ஒரு துளிக் குருதியும் சிந்தவில்லை. ஆயினும் பின்னர் நஞ்சுண்டு மாண்ட மகனும் தாயும் மயிலாகவும் நாயாகவும் தொடங்கி, விலங்கு பறவைகளின் பிறவிகள் பலவற்றில் உழன்று, ஒவ்வொன்றிலும் கொலையுண்டு மடிகின்றனர். பின்பு அபயருசி, அபயமதி என்னும் இளையராய்ப் பிறந்து, தம்மைப் பலியிட நின்ற மாரிதத்த மன்னனுக்கே இவ்வரலாற்றைக் கூறி அவனைத் திருத்துகின்றனர்.

இளமையில் இக்கதையைக் கேட்டபோது, 'மாவை வெட்டியதற்கா இத்துணைத் தண்டனை?' என்று எமக்குத் தோன்றியதுண்டு. காவியம் கூற வருவது மாவைப் பற்றியன்று. வாள் இறங்கிய அக்கணத்தில் மன்னன் மனத்தில் இருந்தது மாவா, கோழியா என்பதே அதன் வினா. அவன் மனத்தில் கோழி இருந்தது. இல்லையெனில் அச்சடங்கிற்குப் பயனே இராது. பலியாகாத பலியைத் தெய்வம் ஏற்காது என்பதை அவனும் அறிவான். மாவில் உயிர் இல்லை. வெட்டிய நெஞ்சில் கொலை இருந்தது.

நம் வெண்திரையில் வீழ்வோரும் மாக்கோழிகளே. நடிப்பு என்பதை அறிவு அறியும். ஆயினும் அது நடிப்பு என்னும் நினைவு நீங்காது நின்றால் படத்தில் சுவை இராது. சில கணம் அதனை மெய்யென மனம் கொள்வதனால்தான் கை எழுகிறது.

மூன்றாம் வாயில்

மனம், மொழி, மெய் ஆகிய மூன்றாலும், செய்தல், செய்வித்தல், செய்தாரை உடன்படுதல் ஆகிய மூன்று வகையாலும், ஆக ஒன்பது வாயில்களில் வினை ஊறும் என்பது நம் ஆகமங்களின் கொள்கை. செய்தலும் செய்வித்தலும் திரையின்முன் அமர்ந்தவனுக்கு இல்லை. எஞ்சியிருப்பது அனுமோதனை எனப்படும் மூன்றாம் வாயில். கைதட்டல் அனுமோதனை அன்றி வேறென்ன?

சமந்தபத்திரர் இயற்றிய இரத்தினகரண்டக சிராவகாசாரமும், அதன் வழிவந்த தமிழ் நூலாகிய அருங்கலச்செப்பும், இல்லறத்தார்க்குரிய குணவிரதங்களுள் அனர்த்ததண்ட விரதத்தை வைத்தன. பயனின்றி ஈட்டும் பாவத்தை விலக்குதல் என்பது இதன் பொருள். அதன் ஐந்து பிரிவுகளுள் இரண்டினை இங்கு நினைவுகூர்தல் தகும். பகையாலோ பற்றாலோ 'இவன் கட்டுண்க, வெட்டுண்க, மாய்க' என்று மனத்தால் எண்ணுதல் அபத்தியானம். வெறுப்பையும் வெறியையும் காமத்தையும் கிளறி மனத்தைக் கலக்கும் கதைகளைக் கேட்டல் துச்சுருதி.

இன்றைய சண்டைப் படங்கள் எவ்வாறு புனையப்படுகின்றன என்பதை உற்று நோக்குங்கள். முதல் ஒரு மணி நேரம் கொடியவன் ஒருவனைக் காட்டி, அவன் செய்யும் கொடுமைகளை ஒவ்வொன்றாக அடுக்கி, 'இவன் எப்போது சாவான்?' என்று நம்மை ஏங்க வைக்கின்றனர். அவ்வேக்கம் முற்றியபின் அவன் சாவை விரிவாக, மெதுவாக, இசையுடன் படைக்கின்றனர். துச்சுருதியால் அபத்தியானத்தை விளைவித்து, அதனை இம்சானந்தத்தில் நிறைவு செய்யும் முறை இது. உமாசுவாதி ஆசாரியர் ரௌத்திர தியானத்தின் முதல் வகையாகக் கொலையைப் பற்றி நின்ற தியானத்தை வைத்தார். கொலையில் களித்தல் என்று உரையாளர்கள் அதனை விளக்கினர்.

'லியோ'வின் கதையைக் கொண்டே இதனை நோக்குவோம். கதைத்தலைவன் இமாசலப் பிரதேசத்துச் சிற்றூரில் வாழ்பவன், விலங்குகளைக் காப்பவன். ஊரைக் கலக்கிய கழுதைப்புலியைக் கொல்லாமல் அடக்கிப் பேணுகிறான். அக்காட்சியில் எம் நெஞ்சம் குளிர்ந்தது உண்மை. அடுத்து அவன் மகளுக்கும் கடைப் பணியாளருக்கும் கொள்ளையரால் உயிருக்கு இடர் வர, அவர்களைச் சுடுகிறான். தற்காப்பு எனக் கூறி நீதிமன்றமும் அவனை விடுவிக்கிறது. நம் நூல்கள் இம்சையைச் சங்கற்பம், ஆரம்பம், உத்தியோகம், விரோதம் என நான்காக வகுத்து, தன்னையும் தன்னைச் சார்ந்தோரையும் காக்க நேரும் விரோத இம்சையை இல்லறத்தான் முழுவதும் துறக்கவியலாது என்று ஒப்புக்கொள்கின்றன. ஆகவே கதைக்குள் நின்று நோக்கின் அவன் செயலுக்கு ஒரு காரணம் உண்டு.

நமக்கு என்ன காரணம் உண்டு? நம் மகளுக்கு இடர் இல்லை. நம் கடைக்குள் எவரும் புகவில்லை. நாற்காலியில் அச்சமின்றி அமர்ந்து, அவன் வேறு வழியின்றிச் செய்ததை நாம் விரும்பிச் சுவைத்தோம். கொன்றவனுக்கு இருந்த காரணம் கண்டு களித்தவனுக்கு இல்லை. அனர்த்தம், அதாவது பயனின்மை, என்னும் சொல்லின் ஆழம் எமக்கு அன்றுதான் விளங்கிற்று.

அப்படத்தின் பிற்பகுதியில், தொழில் செழிக்கத் தான் பெற்ற பிள்ளையையே பலியிடத் துணியும் தந்தை ஒருவன் வருகிறான். உயிர்ப்பலி மூடத்தனம் என்று படம் இடித்துரைக்கிறது, மகிழ்ச்சியே. ஆயின் அதனை இடித்துரைக்கும் பொருட்டு நூற்றுக்கணக்கானோரை வெட்டியும் சுட்டும் வீழ்த்தி, அதனையே நமக்கு விருந்தாக்குகிறது. பலியை வெறுக்கும் கதை, பார்வையாளருக்குப் பலி படைக்கிறது. இதுவே அப்படத்தைப் பற்றி எம் கருத்து.

இவ்விடத்தில் ஒன்றைத் தெளிவுறக் கூறல் வேண்டும். கொலைஞனும் கைதட்டியவனும் ஒருநிகர் என்று யாம் கூறவில்லை. வினையின் நிலைபேறும் ஆற்றலும் கசாயத்தின் வன்மை மென்மைக்கேற்ப அமையும். ஒரு கணம் எழுந்து அடங்கிய களிப்பு மெல்லிய கட்டே. ஆயினும் நாள்தோறும், ஆண்டுதோறும், குழந்தைப் பருவம் முதல் அதே களிப்பைப் பழக்கிக்கொண்டால் மென்மையான இழைகளும் கயிறாகத் திரளும் அல்லவா?

காவியத்தில் போர் இல்லையா?

கற்றறிந்த அன்பர்கள் ஒரு மறுப்பை எழுப்பக்கூடும். 'நம் சீவக சிந்தாமணியில் போர் இல்லையா? கட்டியங்காரன் கொல்லப்படவில்லையா? எட்டு மணம் பேசி மணநூல் என்று பெயர் பெற்ற காவியத்தைத் துறவியாகிய திருத்தக்கதேவரே பாடினார். அவ்வாறிருக்கத் திரைப்படத்தை மட்டும் பழிப்பது எங்ஙனம் முறையாகும்?' என்பர்.

இம்மறுப்பு வலிமையுடையது. கொலையைக் காட்டுதலே குற்றம் எனில் நம் புராணங்களையும் மூடி வைக்க நேரும். எனவே காட்டுதல் குற்றமன்று. காட்சி முடியும் இடத்தில் நம் மனம் எங்கே விடப்படுகிறது என்பதே நோக்கத்தக்கது. சிந்தாமணி போரில் முடியவில்லை. வென்ற சீவகன் சோலையில் ஒரு கடுவன் தன் மந்திக்கு அளித்த பலாக்கனியைக் காவலன் பறித்துக்கொள்ளக் கண்டு, தன் அரசும் இவ்வாறு பறித்ததே, இவ்வாறே பறிக்கப்படுவதே என உணர்ந்து துறவை நாடுகிறான். தந்தை வழியாக வந்த பகை முழுவதும் அக்கனியில் அடங்கிவிடுகிறது. வெற்றியைக் கண்டு களித்த வாசகனையும் தேவர் அச்சோலைக்கு உடன் அழைத்துச் செல்கிறார்.

ஆகவே எம் அளவுகோல் இது: படத்தில் குருதி எத்துணை என்று எண்ண வேண்டுவதில்லை, படம் முடிந்தபின் மனம் வீழ்ந்தவன் பக்கம் நிற்கிறதா, வீழ்த்தியவன் களிப்பின் பக்கம் நிற்கிறதா என்று காண்க.

முகமூடி அணிந்த பார்வையாளர்

இவ்வளவுகோலை எம் இளையோர் மிகவும் விரும்பிக் காணும் 'ஸ்க்விட் கேம்' என்னும் கொரிய மொழித் தொடரில் இட்டுப் பார்த்தோம். இதன் முதற்பகுதி 2021-ஆம் ஆண்டு செப்டம்பரில் வெளிவந்தது. வெளிவந்த முதல் 28 நாட்களில் உலக மக்கள் இதனை 165 கோடி மணி நேரம் கண்டதாக அத்தளத்தாரே அறிவித்தனர். கடனில் மூழ்கிய 456 பேர் பெரும்பரிசின் பொருட்டுச் சிறுவர் விளையாட்டுகளை ஆடுகின்றனர். தோற்றவர் அவ்விடத்திலேயே கொல்லப்படுகின்றனர். இடையில், பொன்னிற விலங்கு முகமூடி அணிந்த செல்வர் சிலர் மெத்தையிருக்கைகளில் சாய்ந்து, மது அருந்தி, யார் சாவார் என்று பந்தயம் கட்டி நகைக்கின்றனர்.

அவர்களைக் கண்டபோது எமக்கு அருவருப்பு உண்டாயிற்று. அடுத்த கணமே எம் கையில் இருந்த தின்பண்டத் தட்டைக் கண்டோம். அச்செல்வருக்கும் எமக்கும் இடையே முகமூடி ஒன்றே வேறுபாடு. இயக்குநர் ஹுவாங் டாங் ஹியூக் வேண்டுமென்றே இக்கண்ணாடியை நம்முன் வைத்தாரென்றே எண்ணுகிறோம். வறியோரின் சாவைக் கேளிக்கையாகக் காண்பதைக் கண்டிக்கும் படைப்பு என்ற வகையில் இதனை உயர்ந்தது எனலாம்.

ஆயின் நிகழ்ந்தது யாது? 2023-ஆம் ஆண்டில் அத்தளத்தாரே 456 மெய்யான மனிதரைக் கொண்டு, உயிர்க்கேடு மட்டும் இன்றி, அதே விளையாட்டுகளைப் போட்டி நிகழ்ச்சியாக நடத்தி ஒளிபரப்பினர். கண்டனமாக எழுந்த கதை கேளிக்கையாகவே திரும்பி வந்தது. படைப்பவன் நல்லெண்ணம் மட்டும் போதாது. காண்பவனும் விழித்திருத்தல் வேண்டும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

பருந்துக்கு இடமில்லையோ?

கொலைக் காட்சிகளைக் கூறினோம். இரக்கக் காட்சிகளைக் கண்டு கண்ணீர் வடிப்பது மட்டும் அறமாகிவிடுமா என்பதையும் நோக்க வேண்டும். முதுமலை தெப்பக்காட்டில் தாயற்ற யானைக் கன்றுகளை வளர்க்கும் பொம்மன், பெள்ளி இணையரைப் பற்றிய 'தி எலிஃபென்ட் விஸ்பரர்ஸ்' என்னும் ஆவணப்படம் 2023-ஆம் ஆண்டில் ஆஸ்கர் விருது பெற்றதை அறிவீர்கள். குடும்பத்துடன் காணத்தக்க இனிய படம். ஆயினும் யானைக் கன்றை நேசித்தல் எளிது. அதனைக் கண்டு கண் கலங்குவதற்கு நாம் எதனையும் இழக்க வேண்டியதில்லை.

ஷௌனக் சென் இயக்கிய 'ஆல் தட் ப்ரீத்ஸ்' என்னும் 2022-ஆம் ஆண்டு ஆவணப்படமோ எம்மைச் சுட்டது. தில்லி வஜீராபாத்தில் நதீம், சவூத் என்னும் உடன்பிறந்தார் இருவர் தம் வீட்டுக் கீழ்த்தளத்தில் அடிபட்ட கரும்பருந்துகளுக்கு மருத்துவம் செய்து வருகின்றனர். அப்பறவைகள் வீழ்வதற்குப் பெருங்காரணம் காற்றாடி விடும் நூலில் பூசப்படும் கண்ணாடித்தூள், அதாவது மாஞ்சா. இத்தகைய நூலைத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2017-ஆம் ஆண்டில் தடை செய்தும் வழக்கம் முற்றும் ஒழியவில்லை. யாரோ விளையாடிய விளையாட்டில் யாரோ சிறகிழக்கின்றனர். நம் கேளிக்கை எவ்வுயிரையும் தொடவில்லை என்று இனி எளிதாகக் கூறவியலுமா?

எம்மைச் சுட்டது அதுவுமன்று. அச்சகோதரர் இளமையில் தாம் கண்டெடுத்த பருந்து ஒன்றைப் பறவை மருத்துவமனை ஒன்றுக்கு எடுத்துச் சென்றபோது, புலால் உண்ணும் பறவை என்று கூறி அங்கே ஏற்க மறுத்ததாகப் படத்தில் கூறுகின்றனர். புலாலுண்ணும் பறவைகளைத் தங்க வைத்துப் பேணுவதில்லை என்னும் விதி, சமணர் நடத்தும் பறவை மருத்துவமனையிலும் உண்டு என்பதை நாம் அறிவோம். அவ்விதிக்குக் காரணமும் உண்டு. பருந்தை வாழ்விக்க ஊன் அளித்தல் வேண்டும். ஊனுக்குப் பிற உயிர் மாய்தல் வேண்டும். அச்சகோதரர் ஊனை அரைத்து ஊட்டும் காட்சியை எம் துணைவியார் காண மாட்டாமல் எழுந்து சென்றார்.

இதற்கு எளிய விடையை யாம் அறியோம். விதி செய்த பெரியோரைக் குறை கூறவும் துணியோம். எனினும் வேற்றுச் சமயத்தைச் சார்ந்த இருவர், மூச்சுடைய எதுவும் தமக்கு உறவே என்று கருதித் தம் வாழ்நாளையே அளிப்பதைக் கண்டபோது, ஓரறிவு முதல் ஐயறிவு வரை உயிர்களை வகுத்துக் காட்டிய மரபினராகிய நாம், நமக்கு வசதியான உயிர்களிடத்து மட்டும் இரக்கத்தை நிறுத்திக்கொண்டோமோ என்று ஐயுற்றோம். ஊன் ஊட்ட இயலாதெனினும், மாஞ்சா நூலை நம் பிள்ளைகள் தொடாதிருக்கச் செய்ய இயலும். முறிந்த சிறகுக்கு மருந்து வாங்கப் பொருள் உதவ இயலும். கண்ணீரை விட இவை மேலானவை.

துறவி ஒருவரின் கதை

இறுதியாக, நம்மைப் பற்றியதென்றே கொள்ளத்தக்க ஒரு படம். ஆனந்த் காந்தி இயக்கி 2012-ஆம் ஆண்டில் வெளிவந்த 'ஷிப் ஆஃப் தீசியஸ்' அது. பலகைகள் ஒவ்வொன்றாக மாற்றப்பட்ட கப்பல் பழைய கப்பலேயா என்னும் கிரேக்கப் புதிரைத் தலைப்பாகக் கொண்டது. அதன் இரண்டாம் கதையில் மைத்ரேயர் என்னும் துறவி வருகிறார். அவர் சமயத்தின் பெயர் படத்தில் கூறப்படாவிடினும் காலில் செருப்பின்றி நடந்து, புழுவுக்கும் ஒதுங்கும் அவரை நாம் எவ்வாறு அறியாதிருப்போம்? ஆய்வுக்கூடங்களில் விலங்குகள் படும் துன்பத்தை எதிர்த்து அவர் வழக்காடுகிறார். அவருக்கே ஈரல் நோய் முற்றுகிறது. விலங்குகளைத் துன்புறுத்திச் சோதித்த மருந்தை உண்ணேன் என்று மறுத்து, உண்ணாநோன்பில் கிடக்கிறார். உடல் நைந்து, வேதனை மிக்க நிலையில், இறுதியில் மாற்று ஈரலை ஏற்கிறார்.

இப்படத்தைக் கண்ட நம் அன்பர் சிலர், 'துறவி தோற்றதாகக் காட்டி நம் நெறியை இழிவுபடுத்தினர்' என்று வருந்தினர். யாம் அவ்வாறு கருதவில்லை. சல்லேகனைக்குரிய காலத்தை வரையறுக்கும்போது, பெருந்துன்பம், பஞ்சம், மூப்பு, நோய் ஆகியவை தீர்வற்றனவாக வந்துற்றபோது என்றே சமந்தபத்திரர் கூறினார். தீர்வு உள்ளபோது மேற்கொள்ளும் உண்ணாமை சல்லேகனை ஆகாது. மைத்ரேயர் நோய்க்குத் தீர்வு இருந்தது. ஆயின் அத்தீர்வு பிற உயிர்களின் துன்பத்தின்மேல் நின்றது. இவ்விரண்டுக்கும் இடையே அவர் நெஞ்சம் கிழிந்தது. நெறி தோற்றதாக அதனைக் கொள்ளாமல், நெறியைப் பொருட்டாக மதித்த ஒருவர் பட்ட பாடு என்றே கொள்ளுதல் தகும். 2015-ஆம் ஆண்டு ஆகஸ்டில் இராசத்தான் உயர் நீதிமன்றம் சல்லேகனையைத் தற்கொலைக்கு ஒப்பானதாகத் தீர்ப்பளித்ததும், அதே திங்களில் உச்ச நீதிமன்றம் அத்தீர்ப்பை நிறுத்தி வைத்ததும் நினைவிருக்கும். அவ்வழக்கின்போது நம் இளையோர் பலர் இந்நோன்பின் நிபந்தனைகளைக் கூட விளக்கவியலாது நின்றனர். அவர்கள் இப்படத்தைக் கண்டு, உடன் அருங்கலச்செப்பையும் திறந்து பார்த்தால் இரண்டும் பயன் தரும்.

நாம் நாள்தோறும் விழுங்கும் மாத்திரைகளின் பின்னால் என்ன உண்டென்று எண்ணாமலே விழுங்குகிறோம். அவர் எண்ணினார். நமக்காகவும் எண்ணினார். படம் முடிந்தபின் எம் இல்லத்தில் எவரும் கைதட்டவில்லை. நெடுநேரம் வாதிட்டோம். நற்படம் என்பதற்கு அதுவே போதிய அடையாளம்.

நீலாஞ்சனையின் நடனம்

காண்பதனால் வினை ஊறும் என்றோம். காண்பதனாலேயே வினை உதிரவும் கூடும் என்பதை ஆதிபுராணம் நமக்குக் காட்டுகிறது. இடபதேவர் அரசவையில் நீலாஞ்சனை என்னும் தேவமகள் ஆடுகிறாள். ஆட்டத்தின் நடுவிலேயே அவள் ஆயுள் முடிந்து மின்னலென மறைகிறாள். அவையின் சுவை கெடாதிருக்க, இந்திரன் கண்ணிமைக்கும் நேரத்தில் அவளைப் போன்ற மற்றொருத்தியை அவ்விடத்தில் நிறுத்திவிடுகிறான். தாளம் பிசகவில்லை. அவையோர் அறியவில்லை, ஆட்டத்தில் மூழ்கியே இருந்தனர். இடபதேவர் ஒருவரே அங்கே ஒரு மரணம் நிகழ்ந்ததைக் கண்டார். அக்கணமே நிலையாமை உணர்ந்து துறவு பூண்டார்.

அவையினர் அனைவரும் கண்டது ஒரே நடனம். ஒருவர் மட்டும் தீர்த்தங்கரர் ஆனார். இன்றைய தளங்களில் ஒரு பகுதி முடிந்த சில நொடிகளில் அடுத்த பகுதி தானே தொடங்கிவிடுகிறது. நடுவே நின்று, 'இப்போது யாது கண்டோம்? யார் மாண்டார்? நாம் ஏன் மகிழ்ந்தோம்?' என்று எண்ண இடமில்லை. இந்திரன் செய்ததை இப்போது பொறி செய்கிறது. அவ்விடைவெளியை நாமே ஏற்படுத்திக்கொள்ள வேண்டும்.

இல்லறத்தார் செய்யத்தக்கவை

திரையை அறவே துறங்கள் என்று கூற யாம் துறவி அல்லோம், கூறினும் கேட்பாரில்லை. போகோபபோக பரிமாணம் என்னும் அளவுபடுத்தும் விரதம் இல்லறத்தார்க்கென்றே வகுக்கப்பட்டது. உணவுக்கும் உடைக்கும் அளவு கொள்ளும் நாம் காட்சிக்கும் அளவு கொள்ளலாம். அட்டமி, சதுர்த்தசி நாட்களிலும் தசலட்சண நாட்களிலும் திரையை மூடி வைக்கலாம். தணிக்கைச் சான்றிதழில் 7, 13, 16 என அகவை வரம்பு குறிக்கும் முறை 2023-ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டத்தால் வந்துள்ளது. அதனையேனும் பெற்றோர் நோக்குதல் நன்று. ஆயினும் அவ்வெண் பிள்ளையின் அகவையைக் கூறுமேயன்றி, பெரியவரின் மனத்தைக் கூறாது.

படம் முடிந்தவுடன் அடுத்ததற்குத் தாவாமல், சிறிது நேரம் குடும்பத்தார் பேசுவதை வழக்கமாக்கலாம். யாருடைய துன்பத்தை நாம் பாராமல் விட்டோம் என்று பிள்ளைகளைக் கேட்கலாம். அவர்கள் நம்மைக் கேட்கவும் இடம் தரலாம். பிரதிக்கிரமணத்தில் அறிந்தும் அறியாமலும் மிதித்த உயிர்களிடம் பொறுத்தருள வேண்டுகிறோம். அன்று கண்டு களித்த சாவுகளையும் அவ்வேளையில் ஒருமுறை நினைத்துக்கொள்வதில் தவறில்லை.

பேரனுக்கு யாம் இன்னும் விடை கூற வேண்டியிருந்தது. மறுவாரம் அவனை அருகில் அமர்த்தி யசோதரன் கதையைக் கூறினோம். முழுவதும் கேட்டுவிட்டு, "அப்படியென்றால் அந்தக் கோழியை மாவு என்றே நினைத்து வெட்டியிருந்தால் பாவம் இல்லையா, தாத்தா?" என்றான். "மாவு என்றே நினைத்திருந்தால் அவன் அதைப் பிசைந்து அடை சுட்டிருப்பான், வாளை எடுத்திருக்க மாட்டான்" என்றோம். அவன் சிரித்தான். அடுத்த படத்தில் எம் கை எழாது என்று அவனுக்கு உறுதி கூற எம்மால் இயலவில்லை. எழுந்தால் உடனே சுட்டிக்காட்டுமாறு அவனிடமே வேண்டிக்கொண்டோம். அவனும் அப்பொறுப்பை மிக்க மகிழ்வுடன் ஏற்றுக்கொண்டான்.

அறம் வளர்க! அகிம்சை வெல்க!